குழந்தை அழுகை நிக்கவே மாட்டேங்குதா? கைக்குழந்தைய உலுக்குறதால வர்ற தலைக்காயம், தடுக்குறது எப்படி: முழு வழிகாட்டி

கைக்குழந்தைய கோவத்துல புடிச்சு உலுக்குறதால மூளையில அடிபடுறத பத்தி நம்ம வீடுகள்ல யாரும் பேசுறதே இல்ல. பிரசவத்துக்கு போகும்போது பெட்ஷீட்டு, வெந்நீர் பிளாஸ்க்கு, பழைய வேட்டித்துணின்னு எல்லாம் எடுத்து வைக்கிறோம், குழந்தை விடாம ரெண்டு மணி நேரம் அழுதா வீட்ல இருக்கறவங்க என்ன பண்ணணும்னு மட்டும் யாரும் சொல்லிக்குடுக்கறது கிடையாது. இத படிக்கும்போது "இதெல்லாம் குழந்தைய கொடுமை பண்றவங்களுக்கு, நமக்கு எதுக்கு"ன்னு தோணலாம், தயவு செஞ்சு அப்படி நெனச்சு மூடிட்டு போயிடாதீங்க, ஏன்னா நிறைய கேஸ்ல உலுக்கினவங்க அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்த குழந்தைய பாசமா பாத்துக்கிட்டவங்கதான். தூக்கம் இல்ல, அழுகை நிக்கல, கூட யாரும் இல்ல, அந்த நேரத்துல சில வினாடி கை மீறிப் போயிடுது. அந்த சில வினாடிக்கு முன்னாடியே ரெடியாகறதுக்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: தலைக்குள்ள என்ன ஆகுதுன்னு புரிஞ்சுக்கோங்க

பிறந்த குழந்தையோட மொத்த நீளத்துல கிட்டத்தட்ட கால்வாசி தலைதான். அந்த கனத்த தாங்குற பலம் கழுத்துக்கு இன்னும் வரல, அதனாலதான் யாராவது குழந்தைய தூக்குனா "தலைய புடி, தலைய புடி"ன்னு நம்ம பெரியவங்க பதறுறாங்க. மூளையில நீர்ச்சத்து அதிகம், பெரியவங்க மூளைய விட ரொம்ப மிருது. குழந்தைய தோள்லயோ விலாவுலயோ இறுக்கி புடிச்சு வேகமா முன்னும் பின்னும் உலுக்கும்போது தலை சாட்டை மாதிரி அடிச்சு அடிச்சு திரும்புது. மூளைய சுத்தி போற மெல்லிசான ரத்தக்குழாய்ங்க அறுந்து மூளைக்கு மேல ரத்தம் கட்டுது, கண்ணோட பின்பக்கம் இருக்குற விழித்திரையிலயும் ரத்தக்கசிவு வருது, மூளை நரம்புங்க இழுபடுது. இதோட மூச்சு தடைபட்டுப் போனா மூளைக்கு ஆக்சிஜன் போகாம வீக்கம் ஆரம்பிச்சு, அந்த வீக்கமே முதல் அடிய விட பெரிய சேதம் பண்ணிடும்.

வெளியில ஒரு கீறல் கூட இல்லாம இவ்வளவும் நடக்கலாம். 1971-ல இங்கிலாந்துல ஹல் நகரத்துல இருந்த நார்மன் கத்கெல்ச்ங்கற நரம்பு அறுவை சிகிச்சை டாக்டர்தான், தலைல அடிபட்ட அடையாளமே இல்லாத குழந்தைங்களுக்கு எப்படி மூளைக்கு மேல ரத்தம் கட்டுதுன்னு யோசிச்சு, உலுக்குறதா இருக்கலாம்னு எழுதினாரு. அந்த காலத்துல அங்க அடிக்கறதுதான் தப்பு, புடிச்சு உலுக்குறது பரவால்லன்னு நெனச்சிருக்காங்க. அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல அமெரிக்காவுல ஜான் காஃபிங்கற எக்ஸ்ரே டாக்டரும் இதையே விரிவா எழுதினாரு, ஷேக்கன் பேபி சிண்ட்ரோம், அதாவது உலுக்கின குழந்தைக்கு வர்ற பாதிப்புங்கற பேர் பரவுச்சு. உலுக்குறது மட்டும் இல்லாம மெத்தையிலயோ சோஃபாவுலயோ தூக்கி போடுறது, சுவத்துல மோதுறது எல்லாம் இதுல சேரும்ங்கறதால 2009-ல அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் அப்யூசிவ் ஹெட் ட்ராமா, அதாவது கொடுமையால வர்ற தலைக்காயம்னு சொல்லுங்கன்னு பரிந்துரை பண்ணாங்க. மெத்தை மெத்துன்னு தான இருக்கு, கோவத்துல தொப்புன்னு போட்டா என்னன்னு நெனக்காதீங்க, வேகமா போய் சட்டுனு நிக்கற தலைக்கு மெத்தையும் ஆபத்துதான்.

இப்படி அடிபட்ட குழந்தைங்கள்ல நாலுல ஒண்ணு இறந்துடுதுன்னு அமெரிக்க அரசோட நோய் தடுப்பு அமைப்பான சிடிசி சொல்லுது. பொழைக்கற குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு பார்வை போறது, வலிப்பு, கை கால் இறுகிப்போறது, படிப்பு வராம போறதுன்னு வாழ்நாள் முழுக்க ஏதாவது ஒண்ணு கூடவே வரும். ஒரு வயசுக்குள்ள, அதுலயும் முதல் ஆறு மாசத்துலதான் ரொம்ப அதிகம்.

மடில வெச்சு மெதுவா ஆட்டுறது, தோள்ல போட்டு தட்டுறது, மேடு பள்ளமான ரோட்ல பஸ்ல போறது, இதாலெல்லாம் இந்த காயம் வராது. பயந்து போய் குழந்தைய கொஞ்சாம இருந்துடாதீங்க. இங்க சொல்ற உலுக்கல பக்கத்துல நின்னு பாக்கற யாரா இருந்தாலும் "ஐயோ குழந்தை"ன்னு கத்திடுவாங்க, அவ்வளவு வேகம் அது.

படி 2: அழுகையோட கணக்க தெரிஞ்சுக்கோங்க

எல்லாத்தையும் விட முக்கியமான படி இதுதான்னு நான் நெனக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

குழந்தையோட அழுகைக்கு ஒரு பருவம் இருக்கு. ரெண்டாவது வாரம் வாக்குல ஏற ஆரம்பிக்கும், ஆறு வாரத்துல இருந்து எட்டு வாரம் வரைக்கும் உச்சம், அப்புறம் மெதுவா எறங்கி மூணுல இருந்து அஞ்சு மாசத்துக்குள்ள அடங்கிடும். 1962-லயே பெர்ரி பிரேசல்டன்ங்கற அமெரிக்க குழந்தை டாக்டர் 80 குழந்தைங்களோட அம்மாக்கள டைரி எழுத வெச்சு பாத்தாரு. எந்த நோயும் இல்லாத நல்ல குழந்தைங்கதான், ஆறு வாரத்துல ஒரு நாளைக்கு சராசரியா ரெண்டே முக்கால் மணி நேரம் அழுதுச்சுங்க. சில குழந்தைங்க அஞ்சு மணி நேரம் கூட அழும். அதுவும் சாயங்காலத்துல இருந்து ராத்திரி வரைக்கும்தான் ஜாஸ்தி, அதாவது வீட்ல எல்லாரும் களைச்சு கிடக்கற நேரம் பாத்து. காரணமே இல்லாம ஆரம்பிக்கும், காரணமே இல்லாம நிக்கும், பால் குடுத்தாலும் நிக்காது, தூக்குனாலும் நிக்காது, வயிறு வலிக்கற மாதிரி மூஞ்ச சுளிச்சு காலை மடக்கி வீறிடும், ஆனா வலி எதுவும் இருக்காது.

கனடாவுல ரொனால்ட் பார்ங்கற டாக்டர் இந்த அழுகைய பத்தியே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணாரு. உலுக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வர்ற குழந்தைங்களோட வயச வரைபடமா போட்டு பாத்தா அழுகையோட வரைபடம் மாதிரியே இருந்துச்சு, சில வாரம் மட்டும் தள்ளி வந்துச்சு. அழுகை ஏறும்போது இந்த கேஸும் ஏறுது, அழுகை எறங்கும்போது இதுவும் எறங்குது. அப்ப தூண்டிவிடுறது எதுன்னு சந்தேகமே வேண்டாம்.

இப்ப நம்ம வீட்ட பாருங்க. குழந்தை அழுதா முதல் பழி அம்மா மேலதான், "பால் பத்தலை", "நீ பத்தியம் இருக்கல, கண்டத சாப்ட்ட", "குழந்தைய புடிக்கவே தெரியல". அடுத்து திருஷ்டி, அடுத்து சீர் தட்டிடுச்சு, உரம் விழுந்துடுச்சு. பெத்து ஆறு வாரம் ஆன உடம்பு, தையல் கூட சரியா ஆறியிருக்காது, அந்த பொண்ணு தன்னால முடியலன்னு நெனச்சு உள்ளுக்குள்ள உடைஞ்சுக்கிட்டே இருக்கும். எடை சரியா ஏறுது, ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவையாவது ஒண்ணுக்கு போகுது, முழிச்சிருக்கும்போது நல்லா பாக்குதுன்னா பால் பத்துது. அழுகை அந்த வயசோட இயல்பு. இத ஒரு தடவ மாமியாருக்கும் அம்மாவுக்கும் புருஷனுக்கும் ஒண்ணா உக்கார வெச்சு சொன்னாலே வீட்ல பாதி சூடு தணிஞ்சிடும்.

இன்னொண்ணும் கவனிச்சிருக்கேன். நம்ம பக்கம் தலைப்பிரசவம்னா பொண்ணு அம்மா வீட்ல மூணு மாசம் அஞ்சு மாசம் இருக்கும். அழுகை உச்சத்துல இருக்குற ஆறு எட்டு வாரமும் அங்கயே ஓடிடும், அப்பா சனி ஞாயிறு வந்து சிரிக்கற குழந்தைய கொஞ்சிட்டு போயிடுவாரு, அழுகைன்னா என்னன்னே அவருக்கு தெரியாது. அப்புறம் சென்னையிலயோ பெங்களூர்லயோ ரெண்டு ரூம் ஃபிளாட்டுக்கு குழந்தை வருது, அம்மா குளிக்க போற அரை மணி நேரத்துல அவரு தனியா மாட்டிக்கிறாரு. வெளிநாட்ல இருக்கறவங்களுக்கு நிலைமை நேர் எதிர், பிரசவம் அங்கயே, பாட்டி விசா முடிஞ்சு கிளம்பினதும் ரெண்டே பேர். பல நாட்டு ஆய்வுகள்லயும் உலுக்கினவங்கள்ல அப்பாவோ வீட்ல இருக்குற வேற ஆம்பளையோதான் அதிகம்னு வந்திருக்கு. அதனால இந்த பேச்ச அம்மாகிட்ட மட்டும் பேசி முடிச்சா பிரயோஜனம் இல்ல.

படி 3: பிரசவத்துக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க

ஏழாம் மாசம் எட்டாம் மாசம் வாக்குல, வளைகாப்பு பரபரப்பு முடிஞ்சதும், ரெண்டு பேரும் உக்காந்து மூணு விஷயம் முடிவு பண்ணுங்க. ராத்திரி யார் எந்த நேரம் முழிக்கறது. குழந்தை நிக்காம அழுதா யாருக்கு போன் பண்றது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுக்கற ஆள் யாரு, அவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. மூணாவது, "என்னால இப்ப முடியல, நீ புடி"ன்னு ஒருத்தர் சொன்னா மத்தவர் எந்த கேள்வியும் கேக்காம வாங்கிக்கணும். ஏன், என்ன, இப்பதான குடுத்தேன், எதுவும் கிடையாது.

1998-ல அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்தோட பஃபலோ பக்கத்துல மார்க் டயஸ்ங்கற டாக்டர், பிரசவ வார்டுலயே அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன வீடியோ போட்டு காட்டி, துண்டு பிரசுரம் குடுத்து, படிச்சு புரிஞ்சுக்கிட்டோம்னு கையெழுத்து வாங்கற திட்டம் ஆரம்பிச்சாரு. அந்த பகுதியில இந்த காயம் 47 சதவீதம் குறைஞ்சதா 2005-ல எழுதினாங்க. ஆனா அதே திட்டத்த பென்சில்வேனியா மாநிலம் முழுக்க செஞ்சப்ப ஆஸ்பத்திரி கேஸ் எண்ணிக்கை குறையல. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல 2009-ல இருந்து வார்டுல ஒரு தடவ, வீட்டுக்கு போனப்புறம் நர்ஸ் மூலமா இன்னொரு தடவ, ஊர் முழுக்க பிரச்சாரம்னு திரும்ப திரும்ப சொன்னாங்க, ரெண்டு வயசுக்கு கீழ உள்ள கேஸ் 35 சதவீதம் குறைஞ்சுது. இந்த மூணையும் சேத்து பாத்து எனக்கு தோணுறது, டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லு கட்டுற அவசரத்துல ஒரு தடவ சொன்னா மண்டையில ஏறாது. ஒரு தடவ பேசிட்டோம்னு விடாம, குழந்தைக்கு ஒரு மாசம் ஆகும்போது இதையே மறுபடி பேசுங்க. ஆறாவது வாரம் தடுப்பூசி போட போவீங்கல்ல, அழுகை உச்சமும் அப்பதான், அந்த தேதிய ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

படி 4: அழும்போது வரிசையா பாக்க வேண்டியது

முதல்ல உடம்பு. பசியா, நாப்பி ஈரமா, ஏப்பம் வரலியா, புழுக்கமா, குளிரா. துணிய கழட்டி முழுசா பாருங்க, கை விரல் கால் விரல்ல முடியோ நூலோ சுத்தி இறுகியிருக்கும், இது நிஜமா நடக்கறது, நிறைய பேர் பாக்க மறந்துடுறாங்க. எறும்பு கடிச்சிருக்கா, தொடை இடுக்குல வீக்கம் இருக்கா பாருங்க. உடம்பு சுட்டா தெர்மாமீட்டர் வெச்சு பாருங்க, மூணு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்துட்டாலே வீட்ல கைவைத்தியம் வேண்டாம், உடனே டாக்டர்கிட்ட போங்க. பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், பால் குடிக்கவே மாட்டேங்குது, எப்பவும் அழற மாதிரி இல்லாம வேற மாதிரி கிறீச்னு அழுதுன்னாலும் அதேதான்.

உடம்புல ஒண்ணும் இல்லன்னா ஆறுதல். வெறும் நெஞ்சோட நெஞ்சா ஒட்டி படுக்க வெச்சுக்கோங்க, அப்பாவும் செய்யலாம், அப்பா நெஞ்சுலயும் சூடு இருக்கு. துணியில இதமா சுத்துங்க, ஆனா குழந்தை பொரள ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. காது பக்கத்துல "ஷ்ஷ்"னு சொல்லுங்க, ஃபேன் சத்தம் ஓட விடுங்க, லைட்ட கம்மி பண்ணுங்க, தோள்ல போட்டு மொட்டைமாடியில நடங்க, தாலாட்டு தெரியலன்னா பரவால்ல, தெரிஞ்ச எந்த பாட்டா இருந்தாலும் முணுமுணுங்க. ஒண்ண ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷமாவது குடுங்க, அரை நிமிஷத்துக்கு ஒண்ணு மாத்தி மாத்தி பண்ணினா குழந்தைக்கு இன்னும் எரிச்சல்தான் ஆகும்.

இதெல்லாம் நேத்து வேலை செஞ்சது இன்னிக்கு செய்யாது. அது உங்க தோல்வி இல்ல.

படி 5: எதுவும் வேலை செய்யலன்னா கீழ படுக்க வெச்சுட்டு நகந்துடுங்க

பல்ல கடிக்கறீங்க, கை இறுகுது, "ஏன் இப்படி கத்துற"ன்னு குரல் ஏறுது, குழந்தைய புடிச்சிருக்கற புடியில வித்தியாசம் தெரியுது. இதுல ஒண்ணு வந்தாலும் அந்த செகண்ட்லயே நிறுத்துங்க. குழந்தைய தொட்டில்லயோ தரையில விரிச்ச பாயிலயோ மல்லாக்க படுக்க வைங்க, பக்கத்துல தலகாணி, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். கட்டில்லயோ சோஃபாவுலயோ தனியா விடாதீங்க, உருண்டு விழும். கதவ சாத்திட்டு அடுத்த ரூமுக்கு போங்க. தண்ணி குடிங்க, மூஞ்சி கழுவுங்க, அழணும்னா அழுங்க, படி 3-ல பேசி வெச்ச ஆளுக்கு போன் போடுங்க. அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்து எட்டிப் பாருங்க, மூச்சு நல்லா இருக்கா, நிறம் நல்லா இருக்கான்னு. உங்க மனசு அடங்கினப்புறம் தூக்குங்க, அதுக்கு முன்னாடி தூக்க வேண்டாம்.

"குழந்தைய அழ விட்டுட்டு போறியா, நீயெல்லாம் ஒரு தாயா"ன்னு சொல்ற வாய் நம்ம ஊர்ல நிறைய. அவங்களுக்கு ஒரே பதில்தான், பால் குடிச்சு சுத்தமா பத்திரமா படுத்திருக்குற ஆரோக்கியமான குழந்தை பத்து நிமிஷம் அழறதால அதுக்கு எந்த கேடும் வராது, உலுக்கினா பத்து வினாடியில உயிரே போகலாம். இங்கிலாந்துல ஐகான்ங்கற விழிப்புணர்வு திட்டத்துல நர்சுங்க எல்லா பெத்தவங்களுக்கும் சொல்றதும் இதுதான், அழுகை சகஜம், ஆறுதல் பண்ணி பாருங்க, முடியலன்னா நகந்து போறதுல தப்பே இல்ல, எந்த காரணத்துக்கும் உலுக்காதீங்க.

அபார்ட்மென்ட்ல பக்கத்து வீட்ல இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சுவர தாண்டி குழந்தை அழுகை கேட்டா "தூங்க முடியல"ன்னு கதவ தட்டாதீங்க, "நான் கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன், நீ போய் படும்மா"ன்னு சொல்லி தட்டுங்க.

படி 6: குழந்தைய யார் கையில விடுறோம்னு பாருங்க

ஆயாம்மா, கிரெச், பேபிசிட்டர், சித்தி பையன், யாரா இருந்தாலும் விட்டுட்டு போறதுக்கு முன்னாடி ரெண்டு வரி சொல்லுங்க. "அழுதா எனக்கு உடனே போன் பண்ணுங்க, ஆஃபீஸ்ல மீட்டிங்ல இருந்தாலும் எடுப்பேன், திட்ட மாட்டேன். முடியலன்னா கீழ படுக்க வெச்சுட்டு தள்ளி நில்லுங்க." திட்ட மாட்டேன்ங்கற வார்த்தை முக்கியம், வேலை போயிடும்னு பயந்துதான் நிறைய பேர் போன் பண்றதில்ல. கிரெச்சுல ஒரு ஆளுக்கு எத்தன கைக்குழந்தைன்னு கேளுங்க, பத்து குழந்தைய ஒரே அம்மா பாத்துக்கறாங்கன்னா அவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் அங்க விடாதீங்க.

குடிச்சிட்டு வந்திருக்கறவர் கையில குழந்தைய குடுக்காதீங்க, அது அப்பாவா இருந்தாலும் சரி. கோவம் வந்தா சாமான தூக்கி வீசுறவர், உங்கள அடிக்கறவர்கிட்ட குழந்தைய தனியா விட்டுட்டு போகாதீங்க. இது குடும்ப கௌரவ பிரச்சனை கிடையாது, உயிர் பிரச்சனை. தமிழ்நாட்ல 181 பெண்கள் உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், ரெண்டும் எந்நேரமும் கூப்பிடலாம். இலங்கையில குழந்தைங்களுக்கு 1929.

படி 7: உரம் எடுக்கறது, தலைகீழா தூக்குறது

இத எழுதினா பாட்டிமாருக்கு கோவம் வரும்னு தெரியும், இருந்தாலும் எழுதித்தான் ஆகணும். குழந்தை விடாம அழுதா உரம் விழுந்துடுச்சுன்னு சொல்லி சேலையிலயோ வேட்டியிலயோ போட்டு ரெண்டு பேர் ரெண்டு பக்கம் புடிச்சு உருட்டுறது பல ஊர்ல இன்னும் நடக்குது. குளிப்பாட்டுற அம்மா சில பேர் ரெண்டு காலையும் புடிச்சு தலைகீழா தொங்க விட்டு உதறுவாங்க, உச்சந்தலைய அமுக்கி ஷேப்பு பண்ணுவாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யறது இல்ல, தலைமுறையா வந்த பழக்கம். ஆனா கழுத்து நிக்காத குழந்தையோட தலை துணிக்குள்ள எந்த பக்கம் எவ்வளவு வேகமா திரும்புதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, வழுக்கி விழுந்தா நேரா தலைதான் தரையில மோதும். அழுகைக்கு காரணம் ஒருவேளை காதுவலியோ குடலேறுறதோ வேற நோயோ இருந்தா, உரம் எடுத்து பாக்கலாம்னு போற ரெண்டு நாள்ல நேரமும் போயிடும். அதனால இதெல்லாம் வேண்டாம். எண்ணெய் தேச்சு இதமா கை கால் நீவி விடுறது, வெதுவெதுப்பா குளிப்பாட்டுறது, பாட்டி மடியில போட்டு கதை சொல்றது எல்லாம் தாராளமா இருக்கட்டும். தூளியும் இருக்கட்டும், மெதுவா ஆட்டுங்க, தூங்க வைக்கற அவசரத்துல சுவர் தொடுற அளவுக்கு ஆட்டாதீங்க, சின்ன பிள்ளைங்க கையில தூளிய விடாதீங்க.

மேல தூக்கி போட்டு புடிக்கற விளையாட்டும் வேண்டாம், ஒரு தடவ கை தவறினா போதும்.

படி 8: அம்மாவோட மனச பாருங்க

பிரசவமாகி மூணாவது நாலாவது நாள் காரணமில்லாம அழுகை வர்றது சகஜம், ரெண்டு வாரத்துல போயிடும். அதுக்கப்புறமும் எதுலயும் இஷ்டம் இல்ல, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரல, குழந்தைய பாத்தா எரிச்சலோ பயமோ வருது, நான் இல்லாம இருந்தா நல்லதுன்னு தோணுதுன்னா அது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷன், மருந்து இருக்கு, சரியாகும், தாய்ப்பால் குடுத்துக்கிட்டே எடுத்துக்கற மருந்தும் இருக்கு. அப்பாக்களுக்கும் டிப்ரஷன் வரும். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, 2022 அக்டோபர்ல இருந்து இந்தியா முழுக்க இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். காதுல யாரோ பேசுற மாதிரி கேக்குது, குழந்தைய ஏதாவது பண்ணிடுன்னு சொல்லுதுன்னு அந்த பொண்ணு சொன்னா காத்து கருப்புன்னு மந்திரிக்க கூட்டிட்டு போகாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, அம்மாவையும் குழந்தையையும் தனியா விடாதீங்க.

படி 9: சின்ன அடையாளத்த விடாதீங்க

தவழாத, புடிச்சு நடக்காத குழந்தைக்கு தோல்ல ரத்தம் கட்டி நீலத்தழும்பு தானா வர்றது ரொம்ப அபூர்வம். நாலு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தை உடம்புல எங்க ஒரு சின்ன நீலத்தழும்பு இருந்தாலும் காரணம் தெரியணும். நாலு வயசுக்குள்ள காது, கழுத்து, நெஞ்சு, வயிறு, முதுகுல நீலத்தழும்பு, கண்ண சுத்தி கருப்பு, கண் வெள்ளையில ரத்தம், மேல் உதட்டுக்கு உள்ள இருக்குற மெல்லிய தசை கிழிஞ்சிருக்கறது, கன்னத்துல விரல் பதிஞ்ச மாதிரி அடையாளம், இதெல்லாம் டாக்டர் கண்டிப்பா பாக்கணும். அமெரிக்காவுல கொடுமைக்கு ஆளான கைக்குழந்தைங்கள பத்தி 2013-ல வந்த ஒரு ஆய்வுல நாலுல ஒண்ணுக்கும் மேல, பெரிய காயத்துக்கு முன்னாடியே இந்த மாதிரி சின்ன அடையாளத்தோட இருந்திருக்கு. அன்னிக்கு யாராவது கேட்டிருந்தா அடுத்தது நடந்திருக்காது. பிறவியிலயே முதுகுல இடுப்புல நீல மச்சம் நம்ம குழந்தைங்களுக்கு ரொம்ப சகஜம், அத போட்டு குழப்பிக்காதீங்க, பிறந்தப்பவே அத போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, டாக்டர்கிட்டயும் குறிச்சு வைக்க சொல்லுங்க.

படி 10: நடந்துடுச்சுன்னா, இல்ல சந்தேகம் இருந்தா

குழந்தை எப்பவும் இல்லாத அளவுக்கு தூங்கி வழியுது, எழுப்பினா எழல, பால் உறிஞ்சல, காய்ச்சலோ பேதியோ இல்லாம வாந்தி, உடம்பு தொய்ஞ்சு போச்சு இல்ல விறைச்சு போச்சு, வலிப்பு, மூச்சு விட்டு விட்டு வருது, நிறம் வெளுக்குது நீலமாகுது, உச்சிக்குழி புடைச்சிருக்கு, கண் ஒரே பக்கமா நிலைகுத்தி நிக்குது. இதுல எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, இந்தியாவுல 108, இலங்கையில 1990, இங்கிலாந்துலயும் மலேசியாவுலயும் 999, அமெரிக்கா கனடாவுல 911, சிங்கப்பூர்ல 995. மயங்கின குழந்தைய எழுப்பறதுக்காக திரும்ப உலுக்கிடாதீங்க. வாயில தண்ணியோ பாலோ ஊத்தாதீங்க. தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டுல இருக்குற மாதிரி தாங்கி புடிங்க, வாந்தி எடுத்தா மொத்த உடம்பையும் சேத்து ஒருக்களிச்சு விடுங்க. மூச்சு இல்லன்னா போன்ல இருக்கறவங்க சொல்ற மாதிரி சி.பி.ஆர், அதாவது நெஞ்ச அமுக்கி மூச்சு குடுக்கறது, ஆரம்பிங்க.

அப்புறம் உண்மைய சொல்லுங்க. இத எவ்வளவு அழுத்தி சொன்னாலும் பத்தாது. வாந்தி, சோர்வுன்னு மட்டும் சொன்னா டாக்டரும் வயித்து கோளாறுன்னு நெனச்சு மருந்து குடுத்து அனுப்பிட வாய்ப்பு இருக்கு, 1999-ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல 173 குழந்தைங்கள்ல 54 பேருக்கு முதல் தடவ போனப்ப இந்த காயம் கண்டுபிடிக்கப்படவே இல்ல. "நான் உலுக்கிட்டேன்", "அவர் தூக்கி போட்டுட்டாரு"ன்னு ஒரு வரி சொன்னா உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பாங்க, அந்த ஒரு மணி நேரம் உயிர காப்பாத்தலாம். போலீஸ் வரும், ஆஸ்பத்திரியில எம்.எல்.சி.ன்னு போலீஸ் விசாரணைக்கான கேஸா பதிவு போடுவாங்க, பயம்தான். இருந்தாலும் அந்த நேரத்துல முதல்ல குழந்தை.

ஆஸ்பத்திரியில சி.டி.க்கு அப்புறம் எம்.ஆர்.ஐ., கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விழித்திரைய பாக்கறது, எலும்பு முறிவு இருக்கான்னு உடம்பு முழுக்க எக்ஸ்ரே, ரத்தம் உறையுற டெஸ்ட் எல்லாம் வரும். இதெல்லாம் செய்யுறது குடும்பத்த குத்தவாளியாக்க மட்டும் இல்ல, வேற காரணம் இருக்கான்னு பாக்கவும்தான். ரத்தம் உறையாத பிறவி நோய், குளூடாரிக் அசிடூரியா மாதிரி சில அபூர்வ நோய்கள்லயும் மூளைக்கு மேல ரத்தம் கட்டலாம். நம்ம பக்கம் முக்கியமா பாக்க வேண்டியது வைட்டமின் கே குறைவு. பிறந்த உடனே தொடையில போடுற அந்த ஒரு ஊசி விட்டுப்போனா ரெண்டு வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள மூளையில ரத்தக்கசிவு வரலாம், தாய்ப்பால்ல வைட்டமின் கே கம்மி, அதுக்காக தாய்ப்பால நிறுத்த வேண்டாம், ஊசி போட்டா போதும். டிஸ்சார்ஜ் சம்மரிய இப்பவே எடுத்து பாருங்க, வைட்டமின் கே போட்டதா எழுதியிருக்கான்னு.

ஸ்கேன்ல ரத்தக்கட்டு, கண்ணுல ரத்தக்கசிவு, மூளை பாதிப்பு மூணும் இருந்தா உலுக்கினதுதான்னு கண்ண மூடிட்டு முடிவு பண்றது சரியான்னு மருத்துவ உலகத்துலயும் கோர்ட்டுலயும் பெரிய வாதம் நடந்துக்கிட்டு இருக்கு. 2016-ல ஸ்வீடன் நாட்டு அரசு ஆய்வு அமைப்பு அதுக்கு ஆதாரம் பத்தாதுன்னு அறிக்கை குடுத்துச்சு, பல நாட்டு குழந்தை மருத்துவர் சங்கங்க அத ஏத்துக்கல. 1971-ல முதல்ல எழுதின அதே கத்கெல்ச் கடைசி காலத்துல, இத வெச்சு அவசரப்பட்டு ஆளுங்கள ஜெயில்ல போடாதீங்கன்னு கவலைப்பட்டாரு. அதனால டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும், போலீஸ் முழுசா விசாரிக்கணும், அக்கம் பக்கத்துல நாம தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனா வேகமா உலுக்கினா குழந்தை மூளைக்கு கேடு வரும்ங்கறதுல அந்த வாதம் எதையும் மாத்தல.

படி 11: வீட்டுக்கு வந்தப்புறம்

பொழைச்சு வந்த குழந்தை பாக்க நல்லா இருக்கேன்னு ஃபாலோ அப் விட்டுடாதீங்க. சில பாதிப்பு ஸ்கூல் போற வயசுலதான் தெரியும், கவனம் நிக்காது, ஞாபகம் இருக்காது, கோவம் அடங்காது, அடமாவே இருக்கும்னு டீச்சர் கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க, அப்ப இந்த பழைய காயம் யாருக்கும் ஞாபகம் வராது. மாசா மாசம் தலை சுற்றளவு அளந்து கார்டுல குறிங்க, திடீர்னு ஏறினா உள்ள நீர் சேர்ந்திருக்கலாம், நரம்பு டாக்டர பாக்கணும். கண்ணும் காதும் டெஸ்ட் பண்ணுங்க. 2013-ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே.ங்கற குழந்தைங்க உடல்நலத்துக்கான அரசு திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு டி.இ.ஐ.சி., அதாவது குறைபாட்ட சீக்கிரமே கண்டுபிடிச்சு பயிற்சி குடுக்கற மையம் இருக்கும், பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயோ மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயோதான், பிசியோதெரபி, பேச்சு பயிற்சி, கண் காது பரிசோதனை எல்லாம் ஒரே எடத்துல இலவசமா கிடைக்கும். உங்க ஊர் அங்கன்வாடி டீச்சரோ கிராம சுகாதார நர்சோ எழுதி குடுத்தா நேரா போகலாம். முதல் ரெண்டு மூணு வருஷம் பயிற்சி குடுக்கறதுதான் ரொம்ப பலன் தரும், அதனால ஆறு மாசம் பொறுத்து பாக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. நிரந்தர பாதிப்புன்னு தெரிஞ்சா மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு சீக்கிரமே பதிஞ்சுடுங்க, உதவித்தொகைக்கும் பஸ் சலுகைக்கும் அது வேணும். வீட்ல அடுத்த குழந்தையோ அண்ணன் அக்காவோ இருந்தா அவங்களையும் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க.